கீழ்ப்பக்கத்துக் கீறல்

“இறக்கட்டா மேடம்?” என்று ஹென்றி கேட்டபோது டாக்டர் மங்கையர்க்கரசி அன்றைக்குக் காலையிலேயே மூன்று பேரைக் கொன்று முடித்திருந்தாள். மனசுக்குள்தான். முதல் ஆள் வாசலில் பல்லைக் காட்டி வணக்கம் வைத்த வாட்ச்மேன், குற்றம், பல். இரண்டாவது ரங்கராஜன், பெங்களூரிலிருந்து விமான எஞ்சின்காரர்கள் அனுப்பிவைத்த பெரிய மனுஷர், சோதனைக்கூடத்துக்குள் மசால் வடையோடு நுழைந்த குற்றத்துக்காக. அவரை, பீங்கானை வளைத்து உடைத்துப் பார்க்கிற அந்த இயந்திரத்தின் உருளைகளுக்கு நடுவில் குப்புறக் கிடத்தி, வடையைக் கையிலேயே விட்டுவைத்து, மேலிருந்து மெதுவாக, ரொம்ப மெதுவாக, முதுகெலும்பு கணுக் கணுவாகப் பேசுகிற வரைக்கும் அழுத்தினாள். எதற்கெடுத்தாலும் ‘அப்படியா, அப்படியா’ என்று இரட்டையாகக் கேட்கிற வாய், கடைசியில் ஒற்றை ‘அப்’போடு நின்றது. மூன்றாவது ஆள் பேச்சிமுத்து. அவளுடைய ஆராய்ச்சி மாணவன், சங்கரன்கோவில் பக்கம், கல்யாண வயசு தாண்டிக்கொண்டிருக்கிறவன். இயந்திரத்துக்கு அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு, இடது காதில் வெள்ளைப் பிளாஸ்திரியோடு நிற்கிறான். அவனை நாலைந்து விதமாகக் கொன்று பார்த்தும் திருப்தி வரவில்லை. செத்த பிறகும் அதே மூஞ்சி, துடைத்துவைத்த எவர்சில்வர் தட்டு மாதிரி. “இறக்குங்க ஹென்றி,” என்றாள், குரலில் தேன் சொட்ட. ஹென்றி நாகர்கோவில்காரர், இயந்திரம் ஓட்டுகிறவர். பொத்தானை அமுக்குவதற்கு முன்னால் அதன் தோளில் ஒரு தட்டுத் தட்டுவார், உழவு மாட்டைத் தட்டுகிற மாதிரி. தட்டினார். மேலே இருந்த எஃகு உருளை கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் இறங்க ஆரம்பித்தது. கீழே இரண்டு உருளைகளின் மேல் பாலம் மாதிரி குறுக்கே கிடந்தது அந்தப் பீங்கான் துண்டு; விரல் நீளம், சிலேட்டு நிறம், பேச்சிமுத்து செய்தது. உடையணும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. கை தவறிய பீங்கான் கோப்பை மாதிரி சட்டென்று, இரண்டாக, ரங்கராஜன் கண் முன்னால். உடைந்தால் ஆராய்ச்சித் திட்டம் அவள் வழியிலேயே போகும், இவன் ஊருக்குப் பஸ் ஏறுவான். உடையாவிட்டால், என்று ஒரு நினைப்பு தலையை நீட்டியது. அதன் கழுத்தையும் திருகினாள்.

உடையும். ஏன் உடையாது. காலையில் ஹென்றி டீ குடிக்கப் போன இடைவெளியில் கதவைச் சாத்திக்கொண்டு, தட்டில் வரிசையாக அடுக்கியிருந்த துண்டுகளில் முதல் துண்டை எடுத்து, வைரமுனைப் பேனாவால் அதன் கீழ்ப்பக்கத்தில், சரியாக நடுவில், குறுக்காக ஒரு கீறல் போட்டவள் அவள்தானே. எழுதுகிற பேனா இல்லை, கண்ணாடி வெட்டுகிறவன் வைத்திருப்பானே, அந்த இனம். கர்ர்க் என்று ஒரு சத்தம், பல் வேரில் போய் உட்கார்ந்தது. இன்னொரு தடவை இழுத்தாள், அதே பள்ளத்தில், அழுத்தி. சுகமாக இருந்தது, அரிக்கிற இடத்தைச் சொறிகிற சுகம். வளைக்கும்போது இழுபடுகிறது கீழ்ப்பக்கம்தான். இழுபடுகிற தோலில் மயிரளவு கீறல் இருந்தால் பீங்கானுக்கு அது போதும், அங்கேயே வாயைத் திறந்து மேல்பக்கம் வரைக்கும் கிழித்துக்கொண்டு போய்விடும். வருஷா வருஷம் வகுப்பில் அவள் சொல்லுகிற முதல் பாடமே அதுதான்: பீங்கானைக் கொல்ல சுத்தியல் எதுக்கு, ஒரு கீறல் போதாதா. சொல்லிவிட்டு ஒரு கண்ணாடிச் சில்லை மேஜை விளிம்பில் படக்கென்று ஒடித்துக் காட்டுவாள், முதல் பெஞ்சு பின்னால் சாயும். அந்தப் பாடத்தைத்தான் காலையில் கையால் எழுதிவைத்தாள். ஆனால் ஒரு முள் இருந்தது, தொண்டையில் மீன்முள் மாதிரி. துண்டை உருளைகளின் மேல் எடுத்து வைத்தவன் பேச்சிமுத்து. வைப்பதற்கு முன்னால் வழக்கம் போல விரல் நகத்தால் அடிப்பக்கத்தைத் தடவினான். நகம் நடுவில் வந்ததும் நின்றது. நின்றதா? நின்றது. கண்ணை மூடித் திறக்கிற நேரம்தான், ஆனால் நின்றது. பிறகு துண்டைத் திருப்பி ஒரு பார்வை பார்த்தான், மறுபடியும் திருப்பினான், கீறல் பக்கத்தைக் கீழாகவே வைத்தான். மேல் உருளைக்கு நேராக. அளந்து. தெரிந்து வைத்தானா, தெரியாமலா? தெரிந்திருந்தால் ஏன் கத்தவில்லை? மேல்பக்கமாகத் திருப்பி வைத்தால் கீறல் செத்த கீறல், ஒன்றும் செய்யாது, வைத்திருக்கலாமே. தெரியாமல் இருந்தால் நகம் ஏன் நின்றது? நகம் நின்றதா? சவத்து நகம். அதைக் குறட்டால் பிடுங்கி, அடுத்ததையும் பிடுங்கி, பத்தையும் ஒரு சாம்பிள் டப்பாவில் போட்டு லேபிள் ஒட்டலாம்.

டிக். சின்னச் சத்தம்தான், வீட்டில் பல்லி சொல்லுகிற மாதிரி. அவளுக்கு அடிவயிறு இனித்தது. துண்டு தாங்குகிற பாரத்தைக் காட்டிக் கணினித் திரையில் நேராக ஏறிக்கொண்டிருந்த கோடு அசையக்கூட இல்லை, இருந்தாலும் டிக் என்பது டிக். “சவுண்ட் வருதே மேடம், நார்மலா?” என்றார் ரங்கராஜன், வடையின் பருப்பு ஒன்று உதட்டில் ஒட்டிக்கொண்டிருக்க. “நார்மல் சார். உள்ள விரிசல் விழுது. பீங்கான்தானே.” பீங்கான்தானே என்பதை அவள் ஆராய்ச்சிக்கூட டைரக்டரின் குரலில் சொன்னாள், மூக்கால், கடைசி எழுத்தை இழுத்து. அது தானாக வந்துவிடும். எந்தக் குரலும் அவள் தொண்டைக்குள் வாடகை இல்லாமல் குடியிருக்கும், அழைத்தால் லுங்கியோடு வெளியே வரும். சின்ன வயசில் பணகுடிக் கல்குவாரியில், அப்பா வெள்ளத்துரை மதியம் தூங்கப் போன நேரம் பார்த்து, கொட்டகைக்குப் பின்னாலிருந்து அப்பா குரலில் “வெடிலேய், ஓடுங்கலே, வெடி” என்று கத்துவாள். தூக்குச்சட்டியைத் திறந்து வாயில் சோற்றை வைத்தவன் எல்லாம் அப்படியே எறிந்துவிட்டு ஓடுவான். ஒருத்தன் பிடித்த பீடியை விழுங்கிவிட்டே ஓடினான். பத்து வயசுப் பொட்டைப்பிள்ளையின் வாய்க்கு முப்பது ஆம்பளைகள் ஓடினார்கள். அந்தச் சந்தோஷத்துக்கு ஈடாக இதுவரை ஒன்றும் கிடைக்கவில்லை, முனைவர் பட்டம் உட்பட. பிடிபட்ட அன்று அப்பா பெல்ட்டைக் கழற்றினார், தோல் பக்கம் இல்லை, கொக்கிப் பக்கம். தொடையில் இன்னும் அந்தக் கொக்கி இருக்கிறது, வெள்ளையாக. டிக். அப்பா பாறையை உடைக்கிற அழகே தனி. வரிசையாகக் குழி போட்டு ஆப்பை இறக்கி, ஒவ்வொன்றாகத் தட்டி, நிறுத்தி, காதைப் பாறையில் வைப்பார். “பேசுதாம்மா பாரு,” என்பார் அவளைப் பார்த்து, பாசமாக. உள்ளே நிஜமாகவே பேசும். டிக், டிக், நரநர. பிறகு கடைசித் தட்டு, வலிக்காமல், தட்டிக்கொடுக்கிற மாதிரி. வீடு அளவு பாறை வாயைப் பிளக்கும். அம்மாவின் முன்கையும் அப்படித்தான், ஒரே தட்டு, சோற்றுக் கரண்டியால். பேசியதா அது? அவள் காதை வைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அம்மா, “கெணத்தடியில வழுக்கிட்டேன் சிஸ்டர், பாசி,” என்றாள். அவர்கள் வீட்டில் கிணறே கிடையாது.

வண்டியில விழுந்துட்டேன். இதுவும் ஒரு குரல்தான், இதை மட்டும் அவளால் திரும்பச் சொல்ல முடியவில்லை. இன்று காலையில் ரங்கராஜன், “என்னப்பா காதுல?” என்று கேட்டபோது பேச்சிமுத்து சொன்னது. ஏற்ற இறக்கமே இல்லை, உப்பில்லாக் கஞ்சி; எங்கே பிடித்துக் கிள்ளுவது என்று தெரியாத குரல். அவளிடம் படித்த அத்தனை பேரையும் வகுப்பிலேயே செய்து காட்டியிருக்கிறாள். திக்குவாய்க்காரனை, ழகரம் வராத மதுரைக்காரியை, மூக்கால் பேசுகிற மலையாளிப் பையனை. எல்லாரும் சிரிப்பார்கள், யாரைச் செய்கிறாளோ அவன் உட்பட. இவன் ஒருத்தன் சிரித்ததில்லை. சிரிக்காதவனை எதில் சேர்ப்பது. செத்தவர்களோடு சேர்த்திருக்க வேண்டியது, நேற்று உரல் பறந்தபோதே. நேற்று மதியக் கூட்டத்தில், ரங்கராஜனையும் இணையத்தில் வைத்துக்கொண்டு, அவள் செய்த பீங்கான் பலகையை அவளைக் கேட்காமல் குறுக்கே அறுத்துக் காட்டினான். இது ஒன்றும் பெரிய மர்மம் இல்லை: வெறும் பீங்கான் நொறுங்கிப்போகும், அதனால் நடுவில் இழைத்துணிகளை அடுக்குவார்கள், விரிசல் வந்தால் இழைகள் தையல் மாதிரிப் பிடித்துக்கொள்ளட்டும் என்று. அது போதாது, இழைகளுக்கு இடையில் இருக்கிற பீங்கானுக்குள் இன்னொரு கடினமான பொடியைத் துகளாகக் கலக்க வேண்டும், ஓடி வருகிற விரிசல் துகளில் முட்டித் திரும்பி, திரும்பி, மூச்சு வாங்கி நிற்கட்டும் என்று. இது அவள் திட்டம், அவள் எழுதி வாங்கியது. துகளைக் கூழில் கரைத்து, அடுக்கிய துணிகளுக்குள் அழுத்தத்தோடு செலுத்துவது அவள் முறை. இவன் அறுத்த பலகையைத் திரையில் பெரிதாக்கினான். மேல் துணியிலும் கீழ்த் துணியிலும் துகள் அப்பிக்கிடந்தது, நடுவில் ஓட்டை, ஓட்டை, சுடுகாட்டு மண்டையோடு மாதிரிக் கண்கள். “துணியே வடிகட்டிடுது மேடம், டீத்தூள் மாதிரி. உள்ள வெறும் தண்ணிதான் போயிருக்கு,” என்றான் கஞ்சிக் குரலில். “அதனால நான் ஒவ்வொரு துணிக்கும் தனித்தனியா கையால தடவி, அதுக்கப்புறம் அடுக்கி ஒரு செட் செஞ்சு வெச்சிருக்கேன், நாளைக்கு டெஸ்ட்...” ரங்கராஜன் அங்கேயிருந்து அப்படியா அப்படியா. “நீ என்ன பரோட்டா மாஸ்டராலே, எண்ணெய் தடவி அடுக்க?” என்றாள் அவள், பரோட்டாக் கடைக்காரன் குரலில், கல்லில் தட்டுகிற கையோடு. யாரோ சிரித்தார்கள். அவன், “பரோட்டா பிரிஞ்சு வரும் மேடம். இது வராது,” என்றான். அப்புறம் எல்லாரும் போன பிறகு, அறையில் அவர்கள் இருவர் மட்டும், பொடி அரைக்கிற சின்னக் கல்லுரல் அவள் கைக்கு எட்டின தூரத்தில் இருந்தது. அது எப்படிக் கைக்குள் வந்தது என்று தெரியாது. தெரியாது என்பது பொய். குளிர்ச்சியாக, கனமாக, பிடிக்க வாகாக இருந்தது, நல்லாத் தெரியும்.

கோடு வளைந்தது. அவள் பார்த்தாள், எல்லாருக்கும் முன்னால் அவள்தான் பார்த்தாள். நேராக ஏறிக்கொண்டிருந்தது தோளைத் தாழ்த்தி ஒரு பக்கம் சாய்ந்தது, அதே நேரம் துண்டிலிருந்து டிக் டிக் டிக் என்று கடுகு வெடிக்கிற மாதிரி. பக்தகோடிகள் அனைவருக்கும் ஓர் அன்பான அறிவிப்பு, என்றது அவள் தலைக்குள் கோயில் கொடை மைக்குசெட்டு, இன்னும் சற்று நேரத்தில் துண்டு உடையும் வைபவம் நடைபெற இருப்பதால், கைக்குழந்தை வைத்திருப்போர் தள்ளி நின்று தரிசிக்கும்படி. அவளுக்குச் சிரிப்பு வந்தது, இருமலாக மாற்றினாள். இப்போது கீறல் வாயைத் திறந்திருக்கும். இப்போது முதல் துணியைத் தொட்டிருக்கும். ஓடுலே ஓடு, என்றாள் விரிசலிடம், அப்பா குரலில், பாசமாக. மேல ஏறு, கிழி, குடலை உருவு. அவளுக்கு அந்த விரிசலின் முகம் தெரிந்தது, ஓநாய் முகம் இல்லை, மீன் வெட்டுகிறவனின் கத்தி முகம், அடிவயிற்றில் இறங்கித் தாடை வரைக்கும் ஒரே இழுப்பு. பேச்சிமுத்துவைத்தான் கிழிக்கிறது, கட்டின கை, சட்டைப் பொத்தான், தொப்புளிலிருந்து கழுத்து வரைக்கும், உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு தடவையாவது பார்க்கலாம். நேற்று அவள் எறிந்த உரல் போனபோது அவன் குனியக்கூட இல்லை. காதின் மேல்விளிம்பை உரசிக்கொண்டு போய் அலமாரிக் கண்ணாடியில் இறங்கியது. சட்டைக் காலரில் ரத்தம் விழுந்து பரவுகிறதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அவன் உரலைத் தேடி எடுத்து, துடைத்து, இருந்த இடத்தில் வைத்துவிட்டு, “நாளைக்கு டெஸ்ட் இருக்கு மேடம்,” என்று சொல்லிவிட்டுப் போனான். இரண்டு விரல்கடை இந்தப் பக்கம் விழுந்திருந்தால் நெற்றிப்பொட்டு. அது பீங்கான் மாதிரித்தான், ரொம்ப மெல்லிசு. ராத்திரி முழுக்க அந்த இரண்டு விரல்கடையைத்தான் அளந்துகொண்டு கிடந்தாள். அளந்தது பயத்திலா, தப்பிப்போச்சே என்ற ஆத்திரத்திலா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. இரண்டும் ஒரே குழம்பில் கிடந்து ஒரே நிறமாகியிருந்தது.

கடுகு வெடித்துக்கொண்டே இருந்தது, கோடு சாய்ந்தபடியே ஏறிக்கொண்டே இருந்தது. ஏறக் கூடாது. இத்தனை நேரம் அது தலைகுப்புற விழுந்திருக்கணும். “ஏறுதே மேடம்,” என்றார் ஹென்றி, சொந்தப் பேரன் நடக்கப் பழகுகிறதைப் பார்க்கிற முகத்தோடு. ஹென்றியையும் சேர்த்து நாலாக்கினாள், நாற்காலியோடு. எங்கே போயிற்று அந்த விரிசல்? கீறலில் புறப்பட்டது, மேலே வந்திருக்கணும். ஒரு துகளில் முட்டியிருக்கும், பக்கவாட்டில் திரும்பியிருக்கும், அடுத்ததில் முட்டி, இழை ஓரமாகப் போய், வழி தெரியாமல், திருவிழாக் கூட்டத்தில் ஆளைத் தொலைத்த கிழவன் மாதிரி. அதைத்தானே அவள் எழுதி வாங்கினாள், அந்த வாசகம்கூட அவளுடையதுதான், துகளில் முட்டித் திரும்பும் என்று. துகளும் அவள் துகள்தான், அவள் தேர்ந்தெடுத்த அளவு, அவள் சொன்ன சதவீதம். அப்படியென்றால் ஜெயிப்பது அவளா? அவளுக்கு எதிராக அவளேயா? அவள் விரிசலின் பக்கம் நின்று கத்திக்கொண்டிருக்கிறாள், அவளுடைய துகள் எல்லாம் அவன் பக்கம் நின்று அதை மறிக்கிறது. இந்த நினைப்பு ஒரு சுற்றுச் சுற்றி அதே இடத்தில் வந்து முட்டியது, மறுபடியும் சுற்றியது. பேச்சிமுத்து திரையைப் பார்க்கவில்லை. ரங்கராஜனையும் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தான். பிளாஸ்திரியின் ஓரம் லேசாக ஊறியிருந்தது, டீ பட்ட காகித நிறத்தில். கெணத்தடியில வழுக்கிட்டேன் சிஸ்டர். அம்மா ஏன் பொய் சொன்னாள் என்று அவளுக்குத் தெரியும்: போக வேறு வீடு கிடையாது. இவன் ஏன்? அம்மா பொய் சொன்ன அன்று ராத்திரி அப்பா கொத்துக்கறி வாங்கிவந்து ஊட்டிவிட்டார், எல்லாரும் சாப்பிட்டார்கள், அவளும் சாப்பிட்டாள், ருசியாக இருந்தது. பாறையில் காதை வைத்த அந்த முகம், கரண்டியைப் பிடித்த அந்த மணிக்கட்டு, அதை அவள் கோட்டுப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு நின்றாள். அவள் மணிக்கட்டிலும் அப்பாவின் அதே மச்சம். சின்ன வயசில் ஊரே சொல்லும், அப்பனை உரிச்சு வெச்சிருக்கு. உரித்து வைத்தது என்றால் தோல் இல்லாமல்தானே.

“வேகத்தைக் கூட்டுங்க ஹென்றி.” யார் சொன்னது? அவள்தான். சொந்தக் குரலில், அதனால்தான் அடையாளம் தெரியவில்லை. ஹென்றி திரும்பிப் பார்த்தார். “நடுவுல மாத்துனா கணக்கு...” “உச்சம் தாண்டிடுச்சு, பாருங்க, சரியுது. கூட்டுங்க. உடையட்டும்.” உண்மைதான், கோடு உச்சிக்குப் போய் ஒரு படி இறங்கியிருந்தது. ஆனால் ஒரே படிதான். இறங்கி, நின்று, மூச்சு வாங்கி, இன்னொரு படி. ஹென்றி வேகத்தைக் கூட்டினார். உருளை கண்ணுக்குத் தெரிகிற வேகத்தில் இறங்கியது, துண்டு நடுவில் குழிந்தது, கருவாடு வறுபடுகிற மாதிரிச் சத்தம், அடியிலிருந்து கறுப்பு மயிர் மாதிரி இழைகள் வெளியே துருத்தின. உடைலே. உடைஞ்சு தொலை. அவள் பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது, தொடையில் கொக்கி இருந்த இடம் துடித்தது, அவளே அந்த உருளையாகி இறங்கினாள், வாட்ச்மேனும் ரங்கராஜனும் அப்பாவும் முப்பது குவாரி ஆட்களும் இந்த ஒரு விரல் நீளத்துக்குள் படுத்திருக்க எல்லார் மேலும் இறங்கினாள். துண்டு வளைந்தது. இன்னும் வளைந்தது. பூமராங் மாதிரி, முறித்த முருங்கைக்காய் நாரில் தொங்குகிற மாதிரி, ஆனால் ஒரே துண்டாக. உருளை அடிமட்டத்துக்குப் போய் இயந்திரம் தானாக நின்றது. ஹென்றி அதன் தோளைத் தட்டினார்.

ரங்கராஜன் கையைக் கைக்குட்டையில் துடைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கிற மாதிரிச் சின்ன லென்ஸ் ஒன்றை எடுத்தார். துண்டை வெளிச்சத்தில் பிடித்து அடிப்பக்கத்தையும் ஓரத்தையும் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“இங்க ஒரு கீறல் இருக்கே. மெஷின்ல பட்டதா?”

“நம்ம பொம்பளை கீற மாட்டா சார்,” என்றார் ஹென்றி, இயந்திரத்தைக் காட்டி. “உருளை வழுவழுன்னு இருக்கும். நீங்க தடவிப் பாருங்க.”

அவள் வாயைத் திறந்தாள். எந்தக் குரலும் வரவில்லை. உள்ளே குடியிருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தார்கள்.

“மேடம் போட்டது சார்,” என்றான் பேச்சிமுத்து. “காலையில, டெஸ்டுக்கு முன்னாடி. வேணும்னேதான் போட்டாங்க.”

சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. இப்போது கொல்லலாம், இப்போதே, லென்ஸோடு இருக்கிற ஆளையும் கஞ்சிக் குரல்காரனையும், கதவு சாத்தித்தான் இருக்கிறது. ரங்கராஜன் லென்ஸை இறக்கினார். முகம் முழுக்கச் சிரிப்பு.

“மேடம், எத்தனையோ லேபுக்குப் போயிருக்கேன். எல்லாரும் கீறலை மறைச்சுத்தான் காட்டுவாங்க. நீங்க கீறிட்டுக் காட்டுறீங்க. எஞ்சினுக்குள்ள எல்லாம் கீறலோடதான் ஓடும், எங்களுக்கு வேண்டியதே இதுதான். விரிசல் கீறல்ல கிளம்பியிருக்கு, ரெண்டாவது துணிக்கு மேல ஏறவே இல்லை, சைடுல போய்ச் செத்துக்கிடக்கு. மிச்சத்தையும் இப்படியே பண்ணிடலாமா? உங்க கையாலேயே கீறுங்க, அப்பத்தான் எல்லாம் ஒரே மாதிரி வரும்.”

“தம்பியோட முறை நல்லாத்தான் இருக்கு,” என்று அவள் வாய் சொன்னது. சோற்றில் கல்லைக் கடித்த மாதிரி இருந்தது.

பேச்சிமுத்து தட்டை எடுத்து வந்து மேஜையில் வைத்தான். அடுத்த துண்டை எடுத்து, அடிப்பக்கம் மேலே வரும்படி திருப்பி, இரண்டு முனையிலும் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

“பேனாவா?” என்றாள், சுற்றிலும் தேடுகிறவள் மாதிரி.

“உங்க கோட்டுப் பையில இருக்கு மேடம்.”

எடுத்தாள். அவன் குனிந்ததில் பிளாஸ்திரிக் காது அவள் முகத்துக்கு நேராக வந்தது, அதற்குக் கீழே கழுத்து நரம்பு, ஒரு துடிப்பு, இன்னொரு துடிப்பு. வைரமுனை. கர்ர்க்கென்று ஒரே இழுப்பு போதும். ரங்கராஜன் தொலைபேசியில் யாரிடமோ பெங்களூருக்கு உரக்கப் பேசிக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்ந்தார்; ஹென்றி உருளைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் முனையைத் துண்டில் வைத்துக் கீறினாள்.

“இன்னும் ஆழமா மேடம். காலையில போட்டது இதைவிட ஆழம்.”

அதே பள்ளத்தில் இன்னொரு தடவை இழுத்தாள். சத்தம் பல்லில் ஏறியது. சுகமாக இல்லை.

“தெரிஞ்சுதான் வெச்சியாலே?” என்றாள், உதடு அசையாமல்.

“கீழ்ப்பக்கமாத்தான் வெச்சேன்.”

“உடைஞ்சிருந்தா?”

“உடையாதுன்னு தெரியும்.” அடுத்த துண்டை எடுத்துத் திருப்பினான். “துணிதுணியா நான் தடவுனது மேடம்.”

அந்தத் திமிர், அதுதான், அதைப் பார்த்துத்தான் உரல் போயிற்று. கை பேனாவை இறுக்கியது. அவன் பெருவிரல், கோடு போக வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில், நகம் ஒட்ட வெட்டி, ஓரத்தில் துகள் ஏறிக் கறுத்துக் கிடந்தது.

“வண்டியில விழுந்தேன்னு ஏன் சொன்னே?”

அவன் நிமிரவில்லை. ஜன்னல் பக்கம் ரங்கராஜன் அவள் பெயரைப் பட்டங்களோடு யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்.

“எனக்கு மொதல்ல டிகிரி வேணும் மேடம். நீங்க கையெழுத்து போடணும். அது முடிஞ்ச மறுநாள் காதைப் பத்திப் பேசலாம். யார்கிட்ட பேசணுமோ அவிய கிட்ட.” கஞ்சிக் குரல்தான், ஒரு சொல்லுக்கும் அடுத்ததுக்கும் உயரத்தில் வித்தியாசமே இல்லை. “நீங்க கீறுங்க. நேரா வரணும்.”

அவள் முனையை வைத்தாள். பெருவிரல் ஒரு நெல் தூரத்தில் இருந்தது, நகர்த்தவில்லை அவன். அவள் கையிலிருந்து ஒரு விசை புறப்பட்டு அந்த நெல்லைத் தாண்டலாம், தாண்டினால் நேற்று போலவே கைக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். அழுத்தினாள். முனை கல்லைக் கடித்துக்கொண்டு, நடுங்காமல், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் அளவெடுத்த மாதிரி நேராகப் போயிற்று.

“அடுத்தது,” என்றான் பேச்சிமுத்து.